மூன்று நாள் முறைத் தண்ணீர்

சேஷம்மாள் மாமி மேல்வீட்டுக் கதவைத் தட்டியபோது அவருடைய உள்ளங்கையில் ஒரு துண்டுக் காரை இருந்தது. கோயில் பிரசாதத்தை ஏந்தி வருபவரைப் போல அதை அவ்வளவு பத்திரமாகப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி ஏறி வந்திருந்தார்.

"யோகா, இதைப் பாத்தியோ? கடுமாங்கா ஊறுகாய்ப் பரணியோட மூடி மேலே வந்து விழுந்தது. நல்ல வேளை, துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். இல்லேன்னா இந்த வருஷத்து மாங்கா அத்தனையும் சிமெண்டோட ஊறியிருக்கும்."

"அச்சோ! உள்ள வாங்க மாமி, உக்காருங்க."

"உக்காரல்லாம் நேரமில்லே. மாசி மாசத்துலே மழை ஏது, சொல்லு? ஆனா என் அடுக்களை மச்சு நனைஞ்சிருக்கு. மேலேர்ந்துதான் வெள்ளம் ஒழுகணும். நீ ஏதாவது கண்டியோ?"

"இல்லீங்க மாமி" என்றாள் யோகப்பிரியா.

அந்த இரண்டு சொற்கள் வாயைவிட்டுப் போன பிறகுதான், அவை பொய் என்பது அவளுக்கே உறைத்தது. மாமி காரைத் துண்டை அவள் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். யோகப்பிரியா அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றாள். பிறகு சமையலறைக்குள் சென்று, மூலையில் இருந்த சலதாரையைப் பார்த்தாள்.

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. சலதாரை வைத்த வீடு அது ஒன்றுதான். சமையலறையின் மூலையில் தரையை நான்கு விரற்கடை தாழ்த்தி, சுற்றிலும் சிறிய கரை கட்டி, தண்ணீர் போவதற்கு ஒரு துளையும் வைத்திருந்தார்கள். பாத்திரங்களைக் கீழே போட்டு, மணைப்பலகையில் உட்கார்ந்து தேய்த்துக் கழுவும் இடம். மீனாட்சிபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் அது இல்லாத சமையற்கட்டே கிடையாது. வீட்டுக்காரர் ஆறுமுகசாமி மீனாட்சிபுரத்தில் தென்னந்தோப்பும் பதினொரு மாடுகளும் வைத்திருப்பவர். மகன் நவீன்குமார் குடித்தனம் செய்வான் என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் இந்த வீட்டை வாங்கினார். மகனோ கோயம்புத்தூரிலேயே வேலையும் வீடும் பார்த்துக்கொண்டான். ஆனால் அவனுக்காக அம்மா பெரியம்மாள் பிடிவாதமாகக் கட்டச் செய்த சலதாரை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

யோகப்பிரியாவும் அவள் கணவன் சந்துருவும் வாடகைக்கு வந்தபோது, பெரியம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்.

"சிங்க்குல நின்னுட்டுக் கழுவுனா அடிப்புடிச்சது போகாது அம்மிணி. பாத்திரத்தச் சலதாரையில போட்டு உக்காந்துதான் கழுவோணும். மத்தபடி உங்க சொந்த ஊடாட்டப் பொழங்கிக்குங்க."

மூன்று ஆண்டுகளாக யோகப்பிரியா அந்தச் சொல்லைத் தட்டியதில்லை. சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், துளையின் வாயருகே நகத்தின் அகலத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருப்பதைக் கண்டாள். ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு துளைக்குள் போகாமல் அந்த விரிசலுக்குள் போனது. அன்றே வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை.

சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. இதற்கு முன்பு பாலக்காட்டில் குடியிருந்த வீட்டில், கூரை ஒழுகுவதை அவள் வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொன்னாள். மூன்றாம் முறை அவர் மிகவும் இனிமையாக, "அப்போ உங்களுக்குப் பிடிச்ச வேற வீடு நோக்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். மகள் பிரதீபாவுக்கு அம்மை போட்டிருந்த வாரத்தில், வேப்பிலையும் கையுமாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இனி எந்த வீட்டுக்காரரிடமும் குறையென்று வாய் திறப்பதில்லை என்று அன்று லாரியில் உட்கார்ந்தபடியே அவள் முடிவு செய்தாள். இந்த வீட்டிலிருந்து அவள் தற்காலிக ஆசிரியையாகப் பணிபுரியும் தமிழ்ப் பள்ளிக்கு நடந்தே போகலாம். பிரதீபாவும் அங்கேதான் படிக்கிறாள். இப்படி ஒன்று இன்னொரு முறை அமையாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஆகவே அவள் ஒரு பொட்டலம் வெள்ளைச் சிமெண்ட் வாங்கினாள். சந்துருவின் பழைய பல் துலக்கியால் விரிசலை அடைத்துப் பூசினாள். மாதம் ஒரு முறை பூச்சு விட்டுப்போகும். மாதம் ஒரு முறை அவளும் பூசுவாள்.

புதன்கிழமை மாலை, மாமி வீட்டு ஒழுகலைப் பற்றிப் பேச, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் கூட்டம் நடந்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஜிஜோ, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். கோட்டயத்துக்காரரானாலும் எல்லாருக்கும் விளங்கட்டுமே என்று தமிழில் பேச முயல்பவர்.

"பைலாவிலே பதினாலாம் நம்பர், கேளுங்க. வீட்டுக்குள்ளே உள்ள பைப்பு, தரை, வாட்டர்ப்ரூஃப், இதெல்லாம் ஓனரோட பொறுப்பு. உபயோகிச்சதிலே தப்புன்னா வாடகைக்காரர் பொறுப்பு. தப்பைக் கண்டிட்டும் ஓனருக்கு அறிவிக்கலைன்னா, அதுவும் வாடகைக்காரர் பொறுப்பு."

மூன்றாம் வாக்கியத்தைக் கேட்டதும் யோகப்பிரியா தன் புடவைத் தலைப்பின் நுனியைப் பார்க்கத் தொடங்கினாள். கூட்டம் முடியும் வரை அவள் அதிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

ஆறுமுகசாமி மோட்டார் மேடையில் உட்கார்ந்திருந்தார். பால் சொசைட்டியிலிருந்து நேராக வந்தவர்.

"செரிங் தம்பி, ஞாயந்தான். நம்ம ஊட்டுத் தப்புன்னா நானே ஒடச்சுக் கட்டித் தர்றேன், மாமி ஊட்டையும் சேத்து. பொழங்கறதுல தப்பு, இல்லாட்டித் தெரிஞ்சும் சொல்லாம இருந்தாங்கன்னா, அவிங்க வேற ஊடு பாத்துக்கோணும். இதப் பொதுவுல வெச்சே சொல்லிப் போடறேன்."

"அப்போ கோயம்புத்தூர்லேர்ந்து கம்பெனிக்காரரைக் கூப்பிடலாம் சேட்டா. மெஷின் வச்சு நோக்குவாங்க."

"மிசினு எதுக்குங்க? தண்ணி எந்த மடையில போவுதுன்னு பாக்க, மத்த மடையை அடைச்சாப் போதாதா? எங்கூர்ல ஆளியாத்துத் தண்ணி வந்தா முறை போட்டுத்தான் உடுவாங்க. இன்னைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு அந்தத் தோட்டம். ஊட்டுக்கும் அப்பிடியே முறை உடுவோம்."

"சேட்டா, இது ப்ளாட்டு. வயலில்லே."

"வயலா இருந்தா ஒரே நாள்ல கண்டுபுடிச்சிருவேன். ப்ளாட்டுங்கறதாலதான் மூணு நாள் கேக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக அது முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மேல்வீட்டில் குளியலறையில் மட்டும் தண்ணீர் புழங்க வேண்டும். சனிக்கிழமை சிங்க்கில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை சலதாரையில் மட்டும். அன்று ஆறுமுகசாமியே வந்து துளையை அடைத்துத் தண்ணீரைத் தேக்குவார். அன்றைய முறையில் சேராத வேலைகளுக்கு மாடி நடையில் ஒரு டிரம்மும், பக்கத்து வீட்டாரின் பெருந்தன்மையும் உண்டு. கீழ்வீட்டு மச்சில் ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் குறிக்கும் பொறுப்பைச் சேஷம்மாள் மாமி தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுலே இருந்தவளாக்கும் நான். ஒருத்தருக்கும் தப்பாக் கனெக்ஷன் குடுத்ததில்லே. கோட்டை நான் போடறேன்."

முதல் நாள் ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. இரண்டாம் நாளும் தாண்டவில்லை. சனிக்கிழமை மாலை மாமி யோகப்பிரியாவைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார்.

அடுக்களையின் மச்சு, அண்ணாந்து பார்த்தால், சூல் கொண்ட பசுவின் வயிற்றைப் போல ஓரிடத்தில் இறங்கியிருந்தது. அதைச் சுற்றிக் காலை, மாலை என்று நேரம் எழுதிய பென்சில் கோடுகள். மாமி துடைப்பக் கட்டையால் மெல்லத் தட்டினார். உள்ளே ஒன்றுமில்லாத ஓசை வந்தது.

"நாளைக்கு நாள் முழுக்க வெள்ளத்தைத் தேக்கினா இது நிக்குமோ என்னமோ. பரணியை மாத்தி வைக்கணும், நேக்குத் தூக்க முடியலை."

யோகப்பிரியா பரணியைத் தூக்கிக் கூடத்தில் வைத்தாள். "நீங்க நாளைக்கு எங்க நிப்பீங்க மாமி?"

"எங்கே நிப்பேன்? இதோ, இந்த ஸ்டூல் மேலேதான். கிட்டே நின்னு பாத்தாத்தானே விளிம்பு தெரியும்?"

வாளையாரில் லாரி எடைமேடையில் வேலை பார்க்கும் சந்துரு, அன்று மாலைப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதையெல்லாம் தலைக்கவசத்தின் பட்டையைச் சரிசெய்தபடியே கேட்டான்.

"இத பாரு யோகா. நாளைக்குத் தண்ணி தேக்குனா, சலதாரைதான் ஒழுகுதுன்னு தானாத் தெரிஞ்சு போகும். அது அவிங்க கட்டுனது, அவிங்க பொறுப்பு. நாம எதுக்கு வாயத் தொறக்கோணும்?"

"வெள்ளச் சிமெண்ட்டப் பாத்தா?"

"கட்டும்போது பூசுனதுன்னு நெனச்சுக்குவாரு."

"அவரு வரப்புல எலி வளைய மிதிச்சே கண்டுபுடிக்கற மனுசங்க."

"அப்பச் சொல்லீரு. சொல்லீட்டு, பரீட்ச நேரத்துல ஊடு தேடு. மறுக்கா லாரி புடி."

"மாமி அந்த ஸ்டூல் மேல நிப்பாங்க. தலையில உழுந்தா?"

பட்டை சரியாகத்தான் இருந்தது; ஆனாலும் சந்துரு இன்னொரு முறை அதை இழுத்துப் பார்த்தான். "உனக்கு எது செரின்னு படுதோ அதையே பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறுமுகசாமி வந்தார். பெரியம்மாளும் ஒரு தூக்குப்போசியில் பாலோடு கூட வந்திருந்தார். ஆறுமுகசாமி தேங்காய் நாரைச் சாக்குத் துணியில் சுற்றி ஓர் அடைப்பு செய்துகொண்டு வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதைச் சலதாரைத் துளையில் செருகி, குதிகாலால் மிதித்து இறுக்கினார். பிறகு நிறைந்த குடத்தைத் தூக்கினார்.

கீழே மாமி ஸ்டூலை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.

"ஐயா, ஊத்தாதீங்க."

ஆறுமுகசாமி திரும்பிப் பார்த்தார். குடம் இடுப்பளவில் நின்றது.

"ஊத்த வேண்டாமுங்க. இதுலதான் ஒழுகுது. எனக்குத் தெரியுமுங்க. ஆடி மாசத்துல இருந்தே தெரியும். நாந்தான் வெள்ளச் சிமெண்ட்டு வாங்கிப் பூசிப் பூசி மறச்சேன். இப்பத் தண்ணியத் தேக்குனா மாமி மேல காரை உழுந்துருமுங்க."

வகுப்பில் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

முதலில் பேசியவர் பெரியம்மாள்தான். "நான் கட்டுன சலதாரையா ஒழுகுது?" என்று சலதாரையைப் பார்த்துக் கேட்டார். பிறகு அவளைப் பார்த்தார். "ஏ அம்மிணி, மாசாமாசம் வந்து உன்ற கையில காப்பி வாங்கிக் குடிச்சுட்டுப் போறேன். ஒரு வார்த்த சொல்ல வாயில்லையா உனக்கு?"

"பயமுங்க அம்மா."

"என்னையப் பாத்தா பயம்?"

"ஊட்டுக்காரங்க எல்லாரையும் பாத்துத்தானுங்க."

ஆறுமுகசாமி குடத்தை இறக்கி வைத்தார். கரையருகே குந்தி உட்கார்ந்து, மடியிலிருந்த வண்டிச் சாவியை எடுத்து, துளையின் வாயைச் சுரண்டினார். வெள்ளைப் பூச்சு ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. அவர் ஒவ்வோர் ஏடாக எண்ணினார்.

"ஏழு பூச்சு. அழகாத்தான் பூசியிருக்கற. எங்க கொத்தனாரு பிச்சைமணிகூட இப்பிடிப் பூச மாட்டான்."

புகழ்ச்சியா, இகழ்ச்சியா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறுமுகசாமி எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாவியின் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை விரலால் தேய்த்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இந்த ஊட்ட வாங்குனப்ப, கட்டடம் கட்டுன சூப்பர்வைசர் எங்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க. 'இந்தத் தரைக்கடியில தண்ணி எறங்காத பூச்சு ஒண்ணு இருக்குது, இதக் கொத்தாதீங்க'ன்னு. அந்த ஆளு சாப்பாட்டுக்குப் போன நேரம் பாத்துப் பிச்சைமணியக் கூட்டியாந்து கொத்த உட்டேன்."

பெரியம்மாள் தூக்குப்போசியை மேடையில் வைத்துவிட்டார். "வேண்டாம்னு சொன்னாங்களா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே நீங்க?"

"சலதாரை இல்லாட்டிப் பையனோட புது ஊட்டுல பால் காய்ச்ச மாட்டேன்னு நின்ன. எப்பிடிச் சொல்றது?"

"வாயில சொல்றது!"

"பயந்தான்" என்றார் ஆறுமுகசாமி.

பெரியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யோகப்பிரியாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லாததுக்கு நீ எட்டு மாசம், நான் ஆறு வருசம்" என்றபடி ஆறுமுகசாமி முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"ஐயா, பொதுவுல சொன்னீங்களே... நாங்க ஊடு பாக்கோணுங்களா?"

"பொதுவுல சொன்னதப் பொதுவுலதான் மாத்தோணும். வா எங்கூட."

ஜிஜோ அப்போதுதான் தேவாலயத்துக்குக் கிளம்பி, வெள்ளைச் சட்டையில் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஆறுமுகசாமி படியில் நின்றபடியே சொன்னார்.

"தம்பி, தப்பு நம்ம ஊட்டுதுதான். நான் கட்டுன சலதாரை. அந்தப் பதினாலாம் நம்பர்ல எழுதிக்குங்க."

"வாடகைக்காரர் அறிவிச்சாங்களா சேட்டா?"

"அறிவிச்சாச்சு. இன்னைக்குக் காலையில எட்டே காலுக்கு. கொஞ்சம் தாமசந்தான், ஆனா தண்ணி ஊத்தறதுக்கு முன்னாலயே அறிவிச்சாச்சு. அவிங்க இருப்பாங்க. அதையும் எழுதிக்குங்க."

ஜிஜோ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குர்பானாப் பூசைக்கு நேரமாகிறது என்பதாலோ வேறெதனாலோ, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"மாமிகிட்ட நீதான் சொல்லோணும்" என்றார் ஆறுமுகசாமி. "அது என்ற வேலையில்ல."

மாமி ஸ்டூலின் மேல் பென்சிலோடு நின்றிருந்தார். யோகப்பிரியா அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டு, பிறகுதான் சொன்னாள். மாமியின் முகம் சிவந்தது.

"எட்டு மாசமாவா? நான் தினம் ரெண்டு வேளை அதுக்கடியிலே நின்னுண்டு சமைக்கறேன். நேரே வந்து கேட்டேன், இல்லேன்னு சொன்னே!"

"தப்புதானுங்க மாமி."

"தப்புன்னு இப்போ சொல்றே. காரை விழறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்." மாமி பென்சிலை மேசைமேல் வைத்தார். "அந்த மனுஷர்கிட்டச் சொல்லு, விழுந்த எடத்துலே மட்டும் ஒட்டுப் போட்டு வர்ணம் அடிச்சா நேக்குச் செரிவராது. மச்சு முழுக்க ஒரே வர்ணமா இருக்கணும்."

ஆறுமுகசாமி மறுப்பேதும் சொல்லாமல் ஒத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை, அதே பிச்சைமணி உளியோடு வந்து, முதலில் மாமி வீட்டு மச்சில் தொங்கிய காரையைத் தட்டி இறக்கிவிட்டு, தான் வெட்டிய சலதாரையைத் தானே உடைத்தார். பெயர்த்த இடத்தில் தண்ணீர் இறங்காத பூச்சைப் பூசி, அது காய்ந்ததும் மூன்று நாள் தண்ணீரைத் தேக்கி வைத்துச் சோதித்து, பிறகுதான் ஓடு பதித்தார். அத்தனை நாளும் சமையலறையில் நுழைய முடியாது. யோகப்பிரியா மாடி நடையில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்து, டிரம் தண்ணீரில் பாத்திரம் கழுவினாள்.

இரண்டு நாள் மாமி அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை படிக்கட்டின் அடியிலிருந்து குரல் வந்தது.

"யோகா! அங்கே என்னத்துக்குப் பாத்திரத்தை உருட்டிண்டு இருக்கே? சத்தம் தாங்கலை. கீழே கொண்டு வா. என் சிங்க்கு சும்மாத்தானே கெடக்கு?"

அவள் கொண்டு போனாள். மாமி பக்கத்திலேயே நின்று, எந்தப் பாத்திரத்தில் பசை இன்னும் போகவில்லை என்பதை ஒன்று விடாமல் சொன்னார்.

வேலை முடிந்த பிறகு பெரியம்மாள் பார்க்க வந்தார். சலதாரை இருந்த மூலையில் சமதளமாகப் பளபளத்த புது ஓடுகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். காப்பி குடித்த டம்ளரைக் கழுவப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்க் குனிந்தவர், பாதியில் நிமிர்ந்து சிங்க்குக்குப் போனார். நின்றபடியே, மிகவும் நேரம் எடுத்துக்கொண்டு, அந்த ஒரு டம்ளரைக் கழுவினார்.

"சுத்தமாகுதுங்களா அம்மா?" என்று கேட்டாள் யோகப்பிரியா.

"ஆகல" என்றார் பெரியம்மாள். "ஆனா இருக்கட்டும்."

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் முதல் மழை வலுத்தது. ஒரு காலை, பிரதீபாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த யோகப்பிரியா, குளியலறைச் சுவரில் புதிதாக ஓர் ஈரத்தைக் கண்டாள். அவள் கண் தானாகவே அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. மீதியிருந்த வெள்ளைச் சிமெண்ட் பொட்டலம் இன்னும் அங்கேதான் இருந்தது. பின்னலைப் பாதியில் பிடித்தபடி சிறிது நேரம் நின்றாள். பிறகு மகளின் கையில் பின்னலைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைப்பேசியை எடுத்தாள்.

மறுமுனையில் பால் கேன்கள் உருளும் ஓசை கேட்டது.

"சொல்லு அம்மிணி."

"ஐயா, குளியலறைச் செவுத்துல ஈரமாட்டத் தெரியுதுங்க."

"எத்தன அகலம்?"

"ஒரு உள்ளங்கை அகலமுங்க."

"விளிம்புல பென்சில்ல கோடு போட்டு வை. பொழுது சாயறதுக்குள்ள வந்தர்றேன்."

யோகப்பிரியா மகளின் பென்சில் பெட்டியைத் திறந்து, கூராக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஈரத்தின் விளிம்பைச் சுற்றி நிதானமாகக் கோடு வரைந்து, அதன் பக்கத்தில் காலை எட்டு மணி என்று எழுதினாள்.